பாதுகாப்புச் செலவைப் பற்றி எதிர்க்கட்சி கேட்டால் தப்பா? (1962 முதல் சியாச்சின் வரை)

#1 கரிசல்மண்

நண்பர்களே, போன வாரம் வகுப்பில் எட்டாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சார், எல்லையில் சண்டை நடக்கும்போது எதிர்க்கட்சிக்காரர்கள் அமைச்சரைக் கேள்வி கேட்டால் எதிரிக்கு உதவி செய்த மாதிரி ஆகாதா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து 1959 முதல் 1963 வரை நம் நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே வைக்கிறேன்.

1961 ஏப்ரலில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஆச்சார்ய கிருபளானி மக்களவையில் பேசிய பேச்சிலிருந்து தொடங்கலாம். அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். ஒரு ஏழை நாட்டின் பணத்தை வீணடிக்கிறார், ராணுவத்துக்குள் கோஷ்டி சேர்க்கிறார், படையின் மன உறுதியைக் குலைக்கிறார் என்று கிருபளானி அவர் முகத்துக்கு நேராகக் குற்றம் சாட்டினார். பதவி உயர்வு விஷயத்தில் மேனனோடு முரண்பட்டு, தரைப்படைத் தளபதி திம்மய்யா 1959லேயே ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார். நேரு பேசி அதைத் திரும்பப் பெற வைத்தார். ஆக, கிருபளானி வெறும் வதந்தியை வைத்துப் பேசவில்லை.

அப்புறம் 1962 தேர்தல். வடக்கு பம்பாய்த் தொகுதியில் மேனனை எதிர்த்து கிருபளானியே நின்றார். ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்கு வித்தியாசத்தில் மேனன் ஜெயித்தார். மக்கள் தீர்ப்பே வந்துவிட்டது, இனி என்ன கேள்வி என்று அன்றைக்குப் பலரும் நினைத்திருப்பார்கள். அதே வருடம் அக்டோபர் 20 அன்று சீனப்படை நுழைந்தது. பருத்தி உடுப்போடும் கேன்வாஸ் காலணியோடும் நம் ஆட்களைப் பனிமலை மேல் நிறுத்தியிருந்தது ஊருக்கே தெரிந்தது. நவம்பர் 7 அன்று மேனன் பதவியை விட்டு விலகினார்.

அந்தக் கேள்விகளுக்கு 1961லேயே யாராவது காது கொடுத்திருந்தால் எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள் என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 நீலவானம்

ஆசிரியர் ஐயா, நல்ல இழை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள் என்று படுகிறது. 1950களின் பிற்பகுதியில் ராணுவச் செலவு ஏறிக்கொண்டே போகிறதே என்று வருத்தப்பட்டவரும் இதே கிருபளானிதான். காந்தியின் நாட்டில் படைச் செலவு கூடுவது தேசத்தந்தையின் ஆன்மாவை வருத்தும் என்கிற தொனியில் பேசியிருக்கிறார். மூன்று நான்கு வருடம் கழித்து, படைக்குச் சாமான் போதவில்லை என்று அமைச்சரைப் பிடித்தார். இரண்டையும் ஒரே ஆள் கேட்டால் அமைச்சர் என்ன செய்வார்?

இன்னொன்றும் உண்டு. மேனன் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் காபி பெர்கோலேட்டர் செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் அடித்துப் பேசின. ஆனால் நம் நாட்டிலேயே வடிவமைத்த மாருத் போர் விமானம் முதன்முதலில் பறந்ததும் அவர் காலத்தில்தான், 1961இல். சக்திமான் லாரி உற்பத்தியும் அப்படித்தான். அதையெல்லாம் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

எதிர்க்கட்சி கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லையில் ஆள் நிற்கும்போது சபையில் "உன்னிடம் குண்டு இருக்கிறதா, பூட்ஸ் இருக்கிறதா" என்று கத்தினால், அந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுப்பவனுக்கு வேலை மிச்சம். இதை மறுக்க முடியுமா?

#3 கரிசல்மண்

நீலவானம், கிருபளானி பற்றிச் சொன்னது சரி. நான் விட்டுவிட்டேன், ஏற்றுக்கொள்கிறேன். எதிர்க்கட்சிக்காரர் என்பதாலேயே ஒருவர் எப்போதும் சரியாகக் கேட்பார் என்று வாதாட நான் வரவில்லை.

ஆனால் அந்த இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று முரண் என்பதை முழுசாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. மொத்தச் செலவு ஏறுகிறதே என்பது ஒரு கேள்வி. செலவழித்த பணம் சிப்பாயிடம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. முதலாவது தப்பாகக் கேட்கப்பட்டிருக்கலாம். இரண்டாவதை எந்தக் காலத்திலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

#4 பனிமலைவாசி

வணக்கம். வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. நானும் 17 வருடம் இருந்துவிட்டு வந்தவன். படைப்பிரிவின் பெயரெல்லாம் வேண்டாம்.

நீலவானம் தம்பி "அந்தப் பக்கம் குறிப்பெடுப்பவன்" என்று சொன்னார். தம்பி, எதிரே நிற்பவனுக்கு நம் காலில் என்ன போட்டிருக்கிறோம் என்பது தொலைநோக்கியிலேயே தெரியும். உயரமான இடத்தில் இரண்டு முகாமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அவனுக்குத் தெரிந்தது நம் ஊர் மக்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதுதான் எனக்கு வலி.

பனிக்கண்ணாடி என்றால் பலர் ஏதோ அழகுக்குப் போடுவது என்று நினைக்கிறார்கள். வெயில் பனியில் பட்டுத் திரும்பி அடிக்கும்போது கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நின்றால் போதும், இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி எரியும். கண்ணைத் திறக்க முடியாது, தண்ணீராக ஊற்றும். ஒரு நாள், இரண்டு நாள் அந்த ஆள் குருடன் மாதிரிதான். காவலுக்கு நிற்க முடியாது. அவனைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் போய்விட்டால் மிச்சம் என்ன?

சாப்பாடும் அப்படித்தான். அந்த உயரத்தில் பசியே எடுக்காது. எடுக்காத பசிக்கு எது இறங்குமோ அதைக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் தனி ரேஷன் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் டெல்லியில் ஒருவர் கேட்டால் எங்களுக்கு மனத்தளர்ச்சி வரும் என்று சொல்கிறவர்கள் எங்களிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

#5 மல்லிகாதிருச்சி

பனிமலைவாசி ஐயா, வணக்கம். என் தம்பி இப்போது லடாக் பக்கம் இருக்கிறான். நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நன்றி ஐயா.

2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப்படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அந்த வருடம் செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது, கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்து மூலமான பதில்கள் மட்டும் இருந்தன. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இரண்டு அவைகளிலும் அறிக்கை படித்தார். எதிர்க்கட்சிகள் விவாதம் கேட்டும் மக்களவையில் நடக்கவில்லை. 2022 டிசம்பரில் தவாங் பக்கம் மோதல் நடந்தபோதும் அறிக்கை வந்தது, விவாதம் வரவில்லை. ஒரு சிப்பாயின் அக்காவாக எனக்கு இது சரியாகப் படவில்லை. நான் கட்சி பேசவில்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் இதையே சொல்வேன்.

#6 கரிசல்மண்

மல்லிகா அக்கா, தம்பி நலமாகத் திரும்ப வேண்டும்.

நீங்கள் சொன்னதோடு 1962ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, மாநிலங்களவையில் இருந்த இளம் எதிர்க்கட்சி உறுப்பினர் வாஜ்பாய், நாடாளுமன்றத்தை முன்கூட்டியே கூட்டுங்கள் என்று நேருவைக் கேட்டார். நவம்பர் 8 அன்று கூட்டினார்கள். எல்.எம். சிங்வி என்கிற சுயேச்சை உறுப்பினர், விஷயம் நுட்பமானது, ரகசிய அமர்வாக நடத்தலாம் என்று யோசனை சொன்னார். நேரு மறுத்துவிட்டார். எதிரி நாட்டுக்குள் நிற்கிறான், இருந்தும் விவாதம் திறந்த அவையில் நாள்கணக்கில் நடந்தது. ஆளும் கட்சியினரும் சேர்ந்துதான் அரசைக் கடிந்து பேசினார்கள்.

அதே மாதங்களில் அண்ணாவும் மாநிலங்களவையில் இருந்தார். அந்த வருடம் மே மாதம் திராவிட நாடு கேட்டு முழங்கியவர், சீனப் படையெடுப்பு வந்ததும் அந்தக் கோரிக்கையை ஒத்திவைத்து, போர் முயற்சிக்குத் துணை நிற்பதாக அறிவித்தார். நாட்டுக்காகச் சேர்ந்து நிற்பதும் அமைச்சரிடம் கணக்குக் கேட்பதும் ஒரே அவையில், ஒரே மாதத்தில் நடந்திருக்கின்றன. இதைத்தான் அந்தப் பிள்ளையிடம் சொல்லப் போகிறேன்.

#7 தேம்ஸ்கரை

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடந்த ஒன்று இந்த இழைக்குப் பொருந்தும்.

1982 மே 2, ஃபாக்லாந்து சண்டையின்போது, பிரிட்டனின் கான்கரர் என்கிற நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் கப்பல்களை நெருங்கிக்கொண்டிருந்தது என்று அமைச்சர் அவையில் சொன்னார். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சியின் உறுப்பினர் டாம் டேலியல் அதை விடவே இல்லை. எந்தத் திசையில் போனது, எத்தனை மணிக்கு முதலில் கண்டார்கள் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். சொந்தக் கட்சியிலேயே பலருக்குச் சலிப்பு. கடைசியில் கப்பல் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது என்பது வெளியே வந்தது.

பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை பார்த்த கிளைவ் பான்டிங் 1984இல் டேலியலுக்கு ஆவணங்களை அனுப்பினார். ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 1985 பிப்ரவரியில் நடுவர் குழு அவரை விடுவித்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு உண்மை தெரிய உரிமை உண்டு என்பதே அவர் தரப்பு வாதம். பிறகு 1989இல் சட்டத்தையே திருத்தி அந்த வாதத்துக்கு வழியில்லாமல் செய்தார்கள்.

கப்பலை மூழ்கடித்தது ராணுவ நோக்கில் சரியா தப்பா என்று இன்றும் இங்கே இரண்டு கருத்து உண்டு. அமைச்சர் அவையில் சொன்னது பிழை என்பதில் இரண்டு கருத்து இல்லை.

#8 பழையநாளிதழ்

போஃபர்ஸ் பேசாமல் இந்த இழை முடியாது. எங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துப் பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. அப்பா சேர்த்து வைத்தவை. அதனால் எனக்கு இது கொஞ்சம் மனதுக்கு நெருக்கமான விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 மார்ச் 24 அன்று ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம். 155 மி.மீ. பீரங்கிகள் 400க்கு மேல், ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய். 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி, இதில் கமிஷன் கைமாறியது என்று செய்தி சொன்னது. சில நாட்களில் பிரதமர் ராஜீவ் காந்தி மக்களவையில் இடைத்தரகர் யாரும் இல்லை என்றார். எதிர்க்கட்சிகள் விடவில்லை. நாடாளுமன்றக் கூட்டுக்குழு போட்டார்கள், அதன் அமைப்பே சரியில்லை என்று முக்கிய எதிர்க்கட்சிகள் அதில் சேரவில்லை. 1988இல் அந்தக் குழு, லஞ்சம் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

அந்தக் குழுவில் இருந்துகொண்டே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று மாற்றுக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் நம் ஊர்க்காரர், அதிமுகவின் ஆலடி அருணா. அவருடைய கட்சி அப்போது காங்கிரஸோடு நட்பாக இருந்த கட்சி. பெரும்பான்மையோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இதை இன்றைக்கு எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அதே காலத்தில் சென்னையிலிருந்து வரும் தி ஹிந்து நாளிதழ், சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் கொண்டுவந்த ஆவணங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. 1989 ஜூலையில் சிஏஜி, அதாவது அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அவைக்கு வந்தது. பீரங்கியைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே குறைகள் இருந்ததாக அது சொன்னது. அதைத் தொடர்ந்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாகப் பதவி விலகினார்கள். நவம்பரில் தேர்தல், ஆட்சி மாறியது.

சட்டப்படி என்ன ஆனது என்பதையும் சொல்வதுதான் நியாயம். 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் மறைந்த ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. கமிஷன் என்று பேசப்பட்ட 64 கோடி ரூபாய்க்கு இந்திய நீதிமன்றத்தில் எவரும் தண்டனை பெறவில்லை.

#9 நீலவானம்

பழையநாளிதழ் அண்ணா, நல்ல தொகுப்பு. நான் முதலில் சொன்னதற்கு இதையே சாட்சியாக வைக்கிறேன். அந்தப் பீரங்கி கெட்ட பீரங்கியா? 1999 கார்கிலில் மலை உச்சிகளை மீட்க நம்மைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் போஃபர்ஸ் சத்தத்துக்குப் பிறகு கோப்பில் கையெழுத்துப் போட ஆளே கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து அடுத்த 155 மி.மீ. பீரங்கி ஒப்பந்தம், அமெரிக்க எம்777, 2016 நவம்பரில்தான் கையெழுத்தானது. நடுவில் 30 வருடம். கேள்வி கேட்டதற்கு நாடு கொடுத்த விலை இது இல்லையா?

#10 பனிமலைவாசி

தம்பி, அந்தப் பீரங்கிச் சத்தம் நமக்குப் பின்னாலிருந்து கேட்டால் எவ்வளவு தைரியம் வரும் என்று எனக்குத் தெரியும். நல்ல பீரங்கி. அதில் பேச்சே இல்லை.

நல்ல பொருளை நியாயமான விலைக்கு, நடுவில் யாருக்கும் காசு போகாமல் வாங்குங்கள் என்று கேட்டால், பொருளே வாங்காமல் 30 வருடம் உட்கார்ந்துகொள்வது எப்படி நியாயம்? கையெழுத்துப் போட பயந்தவர் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. கேட்டவர் மேல் வரவில்லை.

#11 தணிக்கைக்காரர்

நான் கணக்குத் தணிக்கைத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதுகாப்புப் பிரிவில் இல்லை, வேறு பிரிவு. ஆனாலும் வழிமுறை ஒன்றுதான். இழையை முழுக்கப் படித்தேன். எல்லாரும் பெரிய விவாதங்களையும் பெரிய ஊழல்களையும் பற்றியே பேசுகிறீர்கள். நல்ல எதிர்க்கட்சி உறுப்பினர் தன் வேலையில் முக்கால்வாசியைச் சத்தமே இல்லாத இடத்தில்தான் செய்ய முடியும்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டியவை. அதில் நாலைந்து வந்தாலே பெரிது, ஒரு மணி நேரம் முடிந்துவிடும். 230 நட்சத்திரம் இல்லாத கேள்விகள், அவற்றுக்கு எழுத்தில் பதில். 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும், குலுக்கலில் வர வேண்டும். நட்சத்திரக் கேள்வியின் அருமை துணைக்கேள்வியில் இருக்கிறது. எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரி எழுதிக் கொடுத்த பதிலை அமைச்சர் வைப்பார். அதற்கு மேல் இரண்டு துணைக்கேள்வி கேட்கலாம். அங்கேதான் அமைச்சர் கோப்பைப் படித்திருக்கிறாரா என்பது தெரியவரும்.

பல பேர் கவனிக்காத ஒன்று. "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் உறுதிமொழிக் குழு துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். கேள்வி கேட்ட உறுப்பினர் அதை மறக்காமல் பின்தொடர்ந்தால் போதும். மறந்துவிடுகிறார்கள், அதுதான் குறை.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். 2025-26இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மொத்தம் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி, புதுத் தளவாடம் வாங்கும் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. இது நான்கு தனித்தனி மானியக் கோரிக்கைகளாக, அதாவது செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் கோரிக்கைகளாக வருகிறது. மக்களவையில் இவை விவாதிக்கப்படுவது அபூர்வம். கடைசி நாளில் கில்லட்டின் முறையில், மிச்சமிருக்கும் கோரிக்கைகளை எல்லாம் சேர்த்து ஒரேயடியாக வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவார்கள். 2023 மார்ச்சில் ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய் மொத்தச் செலவும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அமளியில் எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு, ஆளும் கட்சிக்கும் பங்கு உண்டு.

எஞ்சுவது குழுக்கள். அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக்கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்கும் வழக்கம் 1967இல் மினூ மசானியோடு தொடங்கியது. 1971 முதல் 1973 வரை நம் திமுகவின் இரா. செழியன் அந்த நாற்காலியில் இருந்தார். பாதுகாப்பு நிலைக்குழுவின் 2018 மார்ச் அறிக்கையைப் பாருங்கள். தரைப்படைத் துணைத்தளபதியே குழு முன் வந்து, படையிடம் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்றார். புதிதாக வாங்க ஒதுக்கியது 21,338 கோடி, ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்கு அந்த ஆண்டு கொடுக்க வேண்டியதே 29,033 கோடி என்றும் சொன்னார். குழுத்தலைவர் ஆளும் கட்சியைச் சேர்ந்த, ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்த பி.சி. கந்தூரி. அந்த செப்டம்பரில் தலைவர் பதவிக்கு வேறொருவர் வந்தார்.

#12 மல்லிகாதிருச்சி

ஐயா, பனிக்கண்ணாடி பற்றிப் பனிமலைவாசி ஐயா சொன்னாரே, அது ஏதாவது தணிக்கையில் வந்திருக்கிறதா?

#13 தணிக்கைக்காரர்

வந்திருக்கிறது அம்மா. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை. சியாச்சின், லடாக் போன்ற உயரமான இடங்களில் இருக்கும் வீரர்களுக்கான உடை, ரேஷன் பற்றியது. 2015-16 முதல் 2017-18 வரையிலான கணக்கு. பனிக்கண்ணாடிப் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை இருந்திருக்கிறது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பலநோக்கு பூட்ஸ் வரவில்லை, பழையதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். முகமூடி, ஜாக்கெட், தூங்கும் பை பழைய வகையில் வாங்கப்பட்டிருக்கின்றன. தனி ரேஷனில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை விலைக் கணக்கில் மாற்றிக் கொடுத்ததால், கிடைக்க வேண்டிய கலோரி 82 சதவீதம் வரை குறைந்திருக்கிறது.

இதற்கு முன் 2017இல் வந்த இன்னொரு அறிக்கை வெடிபொருள் பற்றியது. 152 வகைகளில் 61 வகை, கடுமையான சண்டை என்றால் 10 நாளுக்குக் கூடக் காணாது என்றது. இருக்க வேண்டிய அளவு 40 நாளுக்கு. நீலவானம் தம்பி கேட்கும் கேள்வி இங்கே பொருந்தும். எந்த வகைக் குண்டு எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதைப் பொதுவில் வைக்கலாமா என்று எங்கள் துறைக்குள்ளேயே யோசித்தவர்கள் உண்டு. எனக்கும் அதில் தயக்கம் உண்டு. பனிக்கண்ணாடியில் எனக்குத் தயக்கமே இல்லை.

#14 நீலவானம்

82 சதவீதமா. இது எனக்குத் தெரியாது ஐயா.

குண்டுக்கணக்கு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அதை மூடிய அறையில் குழு பார்க்கட்டும். உடை, சாப்பாடு, கண்ணாடி விஷயத்தில் நான் முதலில் எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். பூட்ஸையும் அதில் சேர்த்து எழுதியிருந்தேன். பனிமலைவாசி ஐயா மன்னிக்கவும்.

#15 பனிமலைவாசி

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. நீங்களும் பட்டாளத்துக்காரர்கள் மேல் அக்கறையில்தான் சொன்னீர்கள்.

#16 பழையநாளிதழ்

ரகசியம் பற்றி ஒன்று. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கை இன்னும் வெளியிடப்படவில்லை. 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சவான் அதன் சாரத்தை மட்டும் மக்களவையில் சொன்னார். பயிற்சி, தளவாடம், கட்டளை முறை, உடல் தகுதி, தளபதிகளின் திறன் என்று. 2010இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காங்கிரஸின் ஏ.கே. அந்தோணியைக் கேட்டபோது, இன்றைக்கும் ராணுவ நோக்கில் முக்கியமானது, வெளியிட முடியாது என்றார். 2014 மார்ச்சில் பாஜகவின் அருண் ஜேட்லி எதிர்க்கட்சித் தலைவராக இருந்துகொண்டு, இத்தனை வருடம் மூடி வைப்பது சரியில்லை என்று எழுதினார். அதே ஜூலையில் பாதுகாப்பு அமைச்சராக, வெளியிடுவது தேச நலனுக்கு ஏற்றதல்ல என்று மாநிலங்களவையில் பதில் கொடுத்தார். நான்கு மாதம்தான் இடைவெளி. எனக்கு இதைப் படித்தபோது மனது கஷ்டமாக இருந்தது. அவரை நான் மதித்தவன்.

#17 கரிசல்மண்

அண்ணா, அந்த 1963 பற்றி ஒன்று சேர்க்கிறேன். போருக்குப் பிறகு வந்த பட்ஜெட்டில் பாதுகாப்புச் செலவு ஏறத்தாழ 867 கோடிக்கு உயர்ந்தது, முந்தைய அளவைப் போல இருமடங்குக்கு மேல். கட்டாயச் சேமிப்புத் திட்டம், தங்கக் கட்டுப்பாடு எல்லாம் அந்த வருடம்தான். எங்கள் அப்பத்தா யுத்த நிதிக்குத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த கதையை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். ஆகஸ்டில் கிருபளானி, சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்கும் என்று தெரிந்தே கொண்டுவந்தார்.

அந்த விவாதத்தில்தான் இடைத்தேர்தலில் ஜெயித்துப் புதிதாக வந்திருந்த ராம் மனோகர் லோகியா எழுந்தார். பிரதமருக்காக ஒரு நாளைக்கு 25,000 ரூபாய் செலவாகிறது, இந்த நாட்டில் 27 கோடி பேர் ஒரு நாளைக்கு மூன்றணாவில் பிழைக்கிறார்கள் என்றார். நேரு, மூன்றணா இல்லை, பதினைந்தணா என்றார். திட்டக்குழுவின் சராசரிக் கணக்கு அது. உடனே லோகியா கணக்கோடு வந்து நின்றார், அந்தச் சராசரிக்குள் பணக்காரனும் இருக்கிறான் என்று பிரித்துக் காட்டினார். மூன்றணாவா பதினைந்தணாவா என்று அவையில் தனி விவாதமே நடந்தது. பிரதமரின் பாதுகாப்புச் செலவையும் சேர்த்துத்தான் கேட்டார். உயிருக்கு ஆபத்து வரும் தகவலைக் கேட்கவில்லையே, ரூபாயைத்தானே கேட்டார்.

சரி, நானும் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். தணிக்கைக்காரர் ஐயா, எங்கள் எம்.பி. அலுவலகத்தில் கொடுக்க ஒரு கேள்வி எழுதித் தர முடியுமா? அடுத்த கூட்டத்தொடருக்கு முன் நேரில் கொடுத்துவிடுகிறேன். வகுப்பிலும் படித்துக் காட்டுவேன்.

#18 தணிக்கைக்காரர்

தருகிறேன். மூன்று விஷயம் மனதில் வையுங்கள். 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். எந்த முகாமில் எத்தனை இருப்பு என்று கேட்கக் கூடாது, ரகசியம் என்று ஒதுக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. தணிக்கை அறிக்கையில் ஏற்கெனவே வெளியானதைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். தணிக்கைப் பத்திக்குத் துறை நான்கு மாதத்தில் நடவடிக்கைக் குறிப்பு, அதாவது குறையைச் சரிசெய்ய என்ன செய்தோம் என்ற பதில், அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அனுப்பிய தேதியைக் கேட்டால் ரகசியம் என்று சொல்ல வழியில்லை. இன்று இரவு எழுதிப் போடுகிறேன்.

#19 மல்லிகாதிருச்சி

திருச்சியிலும் நான் கொடுக்கிறேன் ஐயா. எங்கள் எம்.பி. வேறு கட்சி. இரண்டு கட்சியிலிருந்தும் ஒரே கேள்வி போகட்டும்.

#20 தணிக்கைக்காரர்

பாதுகாப்புத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:

(அ) உயரமான பகுதிகளில் பணியாற்றும் வீரர்களுக்கான உடை, ரேஷன் குறித்து 2020 பிப்ரவரியில் அவையில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கையின் பத்திகளுக்கு நடவடிக்கைக் குறிப்பு அனுப்பப்பட்டுவிட்டதா;

(ஆ) ஆம் எனில் எந்தத் தேதியில், இல்லையெனில் தாமதத்துக்கான காரணம் என்ன;

(இ) பனிக்கண்ணாடி, பலநோக்கு பூட்ஸ் ஆகியவற்றின் கொள்முதலுக்கு அதன் பின் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட தொகை, செலவழிக்கப்பட்ட தொகை எவ்வளவு;

(ஈ) தனி ரேஷனில் மாற்றுப் பொருள் வழங்கும்போது விலைக்குப் பதில் கலோரியை அளவாகக் கொள்ளும்படி விதி திருத்தப்பட்டதா?

#21 பனிமலைவாசி

ஐயா, (இ)இல் தூங்கும் பையையும் சேர்த்துவிடுங்கள். இரவு அங்கே நீளம்.

#22 தணிக்கைக்காரர்

சேர்த்துவிட்டேன்.